இரண்டு மெட்டாருக்கு நடுவே: வீட்டு சிமுலேட்டரில் காற்றை எதனிடம் ஒப்படைப்பது?

காலை ஏழு மணி இருக்கும். சிங்கப்பூர் தெம்பனிஸில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் காயப் போட்ட துணிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மேற்கு வானம் மொத்தமும் கறுத்துக் கிடந்தது. அப்புறம் ஒரு குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. ஒரு லுங்கி கழியைச் சுற்றி முறுக்கிக்கொண்டது. ஐந்து நிமிடத்துக்குள் எதிர் புளோக் மழையில் மறைந்துபோனது. இங்கே இருப்பவர்களுக்கு இது பழக்கமான காட்சிதான். சுமத்ரா ஸ்குவால். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள், மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும். காற்று வழக்கமாக மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். 2024 செப்டம்பர் 17 மாலையில் வந்த ஸ்குவாலின்போது தெங்காவில் 83.2 கிலோமீட்டர் பதிவானது. விமானி மொழியில் அது ஏறக்குறைய 45 நாட்.

துணியை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போதே என் மனம் சாங்கி மெட்டாருக்குப் போய்விட்டது. விமான நிலையத்தின் வானிலை அறிக்கைக்குப் பெயர் மெட்டார். சாங்கியில் அரை மணிக்கு ஒன்று வரும். ஏழு மணி அறிக்கையில் காற்று 200 டிகிரியிலிருந்து 4 நாட் என்றும், ஏழரை மணி அறிக்கையில் 280 டிகிரியிலிருந்து 20 நாட், வீச்சு (இடையிடையே எகிறும் வேகம்) 34 நாட் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் உண்மைதான். ஆனால் துணி முறுக்கிக்கொண்ட அந்த ஐந்து நிமிடம் இரண்டிலும் இல்லை.

வீட்டுக் கணினியில் விமான சிமுலேட்டர் (பறப்பதைப் போலச் செய்து காட்டும் மென்பொருள்) ஓட்டுபவர்கள் "எந்த வானிலை நல்லது?" என்று கேட்கும்போது மேகம் எவ்வளவு அழகு, மழை கண்ணாடியில் எப்படி வழிகிறது என்றே பேச்சு போகிறது. நான் கேட்பது வேறு கேள்வி: அந்த அரை மணி நேர இடைவெளியை ஒவ்வொரு மென்பொருளும் எப்படி நிரப்புகிறது? பறக்கும் அனுபவம் நிஜமாக இருப்பதும் கெட்டுப்போவதும் அங்கேதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீண்ட தூரம் பறப்பவருக்கும், ஆன்லைன் விமானக் கட்டுப்பாட்டாளர்களோடு பறப்பவருக்கும் சிமுலேட்டரோடு வரும் லைவ் வானிலையே (அப்போதைய நிஜ வானிலையை இணையம் வழியே கொண்டுவருவது) போதும். தரையிறக்கம் கற்றுக்கொள்பவருக்கு லைவ் வானிலை உதவாது, காற்றைக் கையால் வைக்க வேண்டும். தனியாகக் காசு கொடுத்து வாங்கும் வானிலை மென்பொருள், அவசியம் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்கு ஓர் இரவு காரணம். அப்போது வைத்திருந்த ஒரு பழைய சிமுலேட்டரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தேன். 35,000 அடி, வங்காள விரிகுடா, மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. எல்லாம் அமைதி. திடீரென்று வேகப் பட்டையில் மஞ்சள் அம்பு மேலே பாய்ந்தது. சிவப்பும் கறுப்புமான எல்லைக் கோட்டைத் தாண்டி வேகம் போக, எச்சரிக்கை ஒலி கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. ஆட்டோபைலட் வேகத்தைக் குறைக்க இன்ஜினை அடக்கியது. அதற்குள் காற்று மறுபடி பழைய திசைக்குத் திரும்பிவிட்டது. இப்போது வேகம் சரிந்தது, மூக்கு தூக்கியது, விமானம் குலுங்கியது. 2,000 அடி இழந்த பிறகுதான் நிலைக்கு வந்தது. இத்தனைக்கும் ஜன்னலுக்கு வெளியே ஒரு மேகம்கூட இல்லை.

நடந்தது இதுதான். 65 டன் விமானம் தரையைப் பொறுத்து ஓடும் வேகத்தைச் சட்டென்று மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் இறக்கைக்குத் தெரிவது காற்றைப் பொறுத்த வேகம் மட்டும். 30 நாட் பின்காற்று ஒரே நொடியில் 20 நாட் எதிர்க்காற்றாக மாறினால், காற்றைப் பொறுத்த வேகம் ஒரே நொடியில் 50 நாட் ஏறும். நிஜ வானத்தில் அந்த உயரத்தில் காற்று பல கிலோமீட்டருக்கு மேல் மெல்ல மெல்லத்தான் திரும்பும், விமானமும் கூடவே பழகிக்கொள்ளும். பழைய சிமுலேட்டர்கள் ஒவ்வொரு வானிலை நிலையத்துக்கும் ஒரு காற்றை வைத்துக்கொண்டு, ஒன்றின் எல்லையிலிருந்து அடுத்ததற்குத் தாவின. கடலுக்கு மேல் நிலையங்களே அபூர்வம் என்பதால் அந்தத் தாவல் இன்னும் பெரிதாக இருந்தது.

2006-இல் வந்த மைக்ரோசாஃப்டின் எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டரையோ அதன் வழியில் வந்த பிரீபேர்3டியையோ இன்றும் ஓட்டுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பழைய கணினி, ஆசையாகச் சேர்த்த விமானங்கள், விட மனம் வராது. அவர்களுக்கு எஃப்எஸ்யுஐபிசி என்ற துணை மென்பொருளின் காசு கொடுத்துப் பதிவு செய்யும் பதிப்பில் காற்றை மென்மையாக்கும் வசதி உண்டு. காற்று எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்று நாமே வரம்பு வைத்துவிடலாம். அந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம். ஆனால் புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கான எஃப்எஸ்யுஐபிசி 7-இல் இந்த வானிலை வேலைகள் கிடையாது. பழைய ஞாபகத்தில் அதற்காக வாங்கிவிட வேண்டாம்.

சரி, இன்றைய சிமுலேட்டர்களுக்கு வருவோம்.

மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இலும் 2024-இலும் லைவ் வானிலை சுவிட்சர்லாந்தின் மீட்டியோபுளூ நிறுவனத்தின் கணிப்பு மாதிரியிலிருந்து வருகிறது. உலகம் முழுவதையும் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் உயரவாரியாகக் காற்று, வெப்பம், ஈரம் எல்லாம் கணக்கிட்டு வைத்திருக்கும் மாதிரி அது. விமான நிலையத்துக்கு அருகே மெட்டார் தகவலையும் பின்னர் கலந்தார்கள். எக்ஸ்-பிளேன் 12-இன் நிஜ வானிலையும் இதே வழிதான். அது அமெரிக்க வானிலை அமைப்பான நோவா வெளியிடும் ஜிஎஃப்எஸ் கணிப்பு மாதிரியையும் மெட்டாரையும் சேர்த்துப் பயன்படுத்துகிறது.

கட்டத்துக்குக் கட்டம் இடையில் உள்ள காற்றைக் கணக்கிட்டு நிரப்புவதால், 35,000 அடியில் தாவல் இருக்காது. நான் வங்காள விரிகுடாவில் பட்ட பாடு இவற்றில் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. நீண்ட பயணத்தில் இதன் சுவை தனி. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்குப் பறந்தால், தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்கிலிருந்து ஓடும் உயர்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். ஜனவரியில் நரிதாவுக்குப் பறந்தால், ஜப்பானை நெருங்க நெருங்க மேற்குக் காற்று 20, 60, 120 நாட் என்று மெல்ல ஏறுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே போகலாம். சிம்பிரீஃப் என்ற இணையதளத்தில் எடுத்த பயணத் திட்டத்தில் ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் எழுதியிருக்கும் காற்றைத் திரையில் தெரியும் காற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஓரளவு ஒத்துப்போனால் எரிபொருள் கணக்கும் ஒத்துப்போகும்.

ஆனால் கட்டத்தின் அளவை மறந்துவிடக் கூடாது. ஜிஎஃப்எஸ் பொதுவில் தரும் மிக நுண்ணிய கட்டம் கால் டிகிரி. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய 28 கிலோமீட்டர். சிங்கப்பூர் கிழக்கு மேற்காக 50 கிலோமீட்டர்தான். அதாவது நம் நாடு மொத்தமும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடும். மேற்கே தெங்காவில் புயல் அடிக்கும்போது கிழக்கே சாங்கியில் துணி அசையாமல் தொங்குவது அந்த மாதிரியின் கண்ணில் படாது. மாதிரியும் சில மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதிதாக ஓட்டப்படுகிறது. ஜிஎஃப்எஸ் நாளொன்றுக்கு நான்கு முறை. ஆகவே லைவ் வானிலையில் ஸ்குவால் வந்தாலும் அதன் கூர்மையான முன்விளிம்பு மழுங்கித்தான் வரும். மழை கொட்டும், மேகம் கறுக்கும். காற்று மட்டும் மரியாதையாகத் திரும்பும்.

அதனால் லைவ் வானிலையைக் குறை சொல்ல மாட்டேன். உயரத்தில் காற்று மென்மையாகத் திரும்ப வேண்டும், அதை அது செய்கிறது. தரைக்கு அருகே காற்று முரட்டுத்தனமாகத் திரும்பும் இடங்களும் உலகத்தில் உண்டு, அவற்றைத்தான் அது காட்டாது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டாலஸில் தரையிறங்க வந்த டெல்டா 191 விழுந்தது இப்படிப்பட்ட காற்றில்தான். இடிமேகத்துக்குக் கீழே கொட்டிய காற்று முதலில் எதிர்க்காற்றாக வந்து வேகத்தைக் கூட்டியது, சில நொடியில் பின்காற்றாக மாறி எல்லாவற்றையும் பறித்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் பயணிகள் விமானங்களில் காற்று வெட்டு (காற்றின் திசையோ வேகமோ சட்டென்று மாறுவது) எச்சரிக்கைக் கருவிகள் கட்டாயமாயின. இதைப் பயிற்சி செய்ய நினைப்பவர் லைவ் வானிலை தானாகக் கொண்டுவரும் என்று காத்திருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே அடுத்த வழி: கையால் வைப்பது.

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. சிலேத்தாரில் இருக்கும் சிங்கப்பூர் யூத் ஃபிளையிங் கிளப்பில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். அவனுக்காக எக்ஸ்-பிளேனில் ஒரு செஸ்னா 172, சிலேத்தாரின் 21 ஓடுபாதை (ஏறக்குறைய 210 டிகிரியை நோக்கியது என்பதால் அந்த எண்). 1,800 மீட்டர் அளவுதான் நீளம், செஸ்னாவுக்கு அது தாராளம். எக்ஸ்-பிளேனில் பயிற்றுநர் திரை என்று ஒன்று உண்டு. பக்கத்து மடிக்கணினியில் நான் அதைத் திறந்துவைத்துக்கொண்டு, அவன் பறந்துகொண்டிருக்கும்போதே காற்றை மாற்றலாம்.

முதல் நாள் நான் தவறு செய்தேன். ஓடுபாதைக்கு நேராக 8 நாட் இருந்ததை ஒரே தட்டில் 280 டிகிரி, 18 நாட் ஆக்கிவிட்டேன். விமானம் பக்கவாட்டில் தூக்கி எறியப்பட்டதுபோல் நகர்ந்தது. அவன் ஜாய்ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மாமா, காத்தை மாத்திட்டீங்களா? இப்படியெல்லாம் நிஜத்துல வருமா?" என்று கேட்டான். வராது. பழைய சிமுலேட்டர் எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்திருந்தேன்.

இப்போது வேறு மாதிரிச் செய்கிறேன். 10 டிகிரி, 2 நாட் என்று அரை நிமிடத்துக்கு ஒரு படி. கடைசி 500 அடியில் மட்டும் இரண்டு படியைச் சேர்த்து வைப்பேன். வீச்சு 5 நாட்டில் ஆரம்பித்து 10 வரை. செஸ்னா 172-இல் செய்து காட்டப்பட்ட அதிகபட்சப் பக்கக் காற்று 15 நாட் என்பதால், வீச்சையும் சேர்த்து அதைத் தாண்டவிடுவதில்லை. அவன் விரலில் தெரிகிற மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்க்க ஆசையாக இருக்கிறது. முதலில் காற்றோடு சண்டை போட்டான். இப்போது காற்றுப்பை திரும்புவதைப் பார்த்ததுமே இடது, வலது என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, காற்று வரும் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்பக்க ரடரை (வால் சுக்கானை) மிதித்துக் காத்திருக்கிறான்.

அந்தக் கணக்கு எளிது. ஓடுபாதைக்கும் காற்றுக்கும் உள்ள கோணம் 30 டிகிரி என்றால் காற்றில் பாதி பக்கக் காற்று. 60 டிகிரிக்கு மேல் போனால் ஏறக்குறைய முழுவதும். சாங்கியின் ஓடுபாதைகள் 02, 20 என்று ஒரே திசைக்காரர்கள், துல்லியமாக 23, 203 டிகிரி. டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று 02-க்கு நேராக வரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று 20-க்குச் சாதகமாக வரும். ஸ்குவால் மட்டும் இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்படாது. 270 டிகிரியிலிருந்து 25 நாட் வந்தால் 20 ஓடுபாதையில் பக்கக் காற்று 23 நாட், எதிர்க்காற்று வெறும் 10. ஏர்பஸ் ஏ320-இல் தரையிறங்கச் செய்து காட்டப்பட்ட எல்லை 33 நாட், வீச்சு 38 வரை. ஆகவே கணக்குப்படி இறங்கலாம். ஏ320 ஓட்டுபவர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் காற்றை மறக்காமல் விமானக் கணினியின் அணுகல் பக்கத்தில் பதிந்துவிட வேண்டும். அந்த விமானம் பதிந்த காற்றையும் அப்போது வீசும் எதிர்க்காற்றையும் ஒப்பிட்டு, வீச்சு வரும்போது இலக்கு வேகத்தைத் தானே உயர்த்திக்கொள்ளும். காற்று தாவும் சிமுலேட்டரில் அந்த இலக்கும் மேலும் கீழும் குதிக்கும், இன்ஜின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். விமானத்தில் பிழை என்று நினைத்துப் புதிதாக நிறுவிப் பார்ப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்.

கையால் வைப்பதில் எக்ஸ்-பிளேனும் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரும் ஒன்றல்ல. இரண்டிலும் உயரவாரியாகக் காற்று அடுக்குகள் வைக்கலாம், வீச்சு வைக்கலாம். எக்ஸ்-பிளேனில் அடுக்குக்கு அடுக்கு கொந்தளிப்பையும் திசை வெட்டையும் தனித்தனியாகக் குறிக்கலாம், வானிலை போகப் போக மோசமாகட்டும் அல்லது தெளியட்டும் என்றும் சொல்லிவைக்கலாம். மைக்ரோசாஃப்டில் லைவ் வானிலையிலிருந்து ஒரு காற்றை மட்டும் திருத்த முடியாது. திருத்த ஆரம்பித்ததும் அது நம் சொந்த வானிலை ஆகிவிடும், உலகம் முழுவதும் அதே வானம்தான். அரை மணி நேரப் பயிற்சிக்கு அது பரவாயில்லை. மலைகளைத் தழுவி ஏறி இறங்கும் காற்றை மைக்ரோசாஃப்ட் அழகாகக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். காத்மாண்டுவில் அது பெரிய விஷயம். மிக உயர்ந்த குன்றான புக்கித் தீமாவே 164 மீட்டராக இருக்கும் நம் நாட்டில் அதற்குப் பெரிய வேலை இல்லை. கற்பிப்பதற்கு என் ஓட்டு எக்ஸ்-பிளேனுக்கு.

வாட்சிம் போன்ற ஆன்லைன் வலையமைப்பில் பறப்பவருக்குக் கைக்காற்று ஒத்துவராது. அங்கே கட்டுப்பாட்டாளராக அமர்ந்திருப்பவர் நிஜ மெட்டாரைப் பார்த்துத்தான் ஓடுபாதையைச் சொல்வார். எல்லோரும் 02-இல் இறங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் வானத்தில் மட்டும் தெற்குக் காற்று அடித்தால், பின்காற்றோடு இறங்க வேண்டியிருக்கும். இங்கே ஒரு சின்னத் தகவல்: மெட்டாரில் காற்றின் திசை உண்மை வடக்கைக் கொண்டது, கோபுரம் சொல்வது காந்த வடக்கைக் கொண்டது. சிங்கப்பூரில் இரண்டுக்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம் என்பதால் நமக்கு இது தெரியாமலே போய்விடுகிறது. வித்தியாசம் பெரிதாக உள்ள ஊருக்குப் பறக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களில் ஆக்டிவ் ஸ்கையும் ரெக்ஸ் வெதர் ஃபோர்ஸும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். மெட்டார் சொல்வதை நெருக்கமாகப் பின்பற்றுவதுதான் இவற்றின் பலம். ஆனால் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், வெளியிலிருந்து ஒரு மென்பொருள் இடத்துக்கு இடம் வேறு வானிலை வைக்கும் வழியைத் திறந்துவிடவில்லை. ஆகவே அவை சொந்த வானிலையாக ஒன்றைச் செலுத்தி, நாம் நகர நகர அதைத் திருத்திக்கொண்டே வருகின்றன. நீங்கள் இருக்கும் இடத்தில் காற்று சரியாக இருக்கும். தொலைவில் நிற்க வேண்டிய இடிமேகம் அங்கே நிற்குமா என்பது வேறு விஷயம். எனக்கு இடிமேகத்தை நாற்பது மைலுக்கு முன்பே பார்த்து விலகிப் போவதுதான் பறப்பதிலேயே பெரிய சந்தோஷம். அதனால் அன்றாடப் பயணத்துக்கு நான் இதை எடுக்க மாட்டேன். ஆக்டிவ் ஸ்கையில் ஒரே ஒரு வசதி என்னை ஈர்க்கிறது: கடந்துபோன ஒரு தேதியின் வானிலையை மறுபடி வரவழைக்கலாம். 2024 செப்டம்பர் 17 மாலை சாங்கியில் எப்படி இருந்தது என்று பறந்து பார்க்க விரும்புபவர் அதற்காக வாங்கலாம்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க முடியாத மாணவர்களுக்கு ஃபிளைட்கியர் இருக்கிறது. முழுக்க இலவசம், திறந்த மூலம். படம் எளிமைதான், ஆனால் அதன் விரிவான வானிலை முறையில் மெட்டாரை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், உயரக் காற்றையும் நாமே கொடுக்கலாம். பக்கக் காற்றைக் கற்றுக்கொள்ள அது தாராளமாகப் போதும். மிச்சமாகும் காசில், ரடரை இயக்கத் திருகக்கூடிய ஒரு ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். ரடர் இல்லாமல் எந்தக் காற்றும் பாடம் சொல்லித்தராது.

எதை எடுப்பது என்று இன்னும் குழப்பம் இருந்தால் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். கருவிகள் கணினித் திரையில் தெரியும் செஸ்னா 172-ஐ எடுத்து, சாங்கிக்குக் கிழக்கே கடலுக்கு மேல் 2,000 அடியில் ஆட்டோபைலட்டில் சுற்றவிடுங்கள். அடுத்த மெட்டாருக்குப் பத்து நிமிடம் முன்பு ஆரம்பித்து, அது வந்த பிறகும் இருபத்தைந்து நிமிடம் தொடருங்கள். திரையில் தெரியும் காற்றை நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் எழுதுங்கள். 210 டிகிரி 8 நாட், 210 டிகிரி 8 நாட் என்று வந்துகொண்டிருந்தது ஒரே வரியில் 260 டிகிரி 15 நாட் ஆனால், அது தாவும் காற்று. ஐந்தாறு வரிகளில் படிப்படியாக மாறினால் அது நிரப்பும் காற்று. காற்று நிலையாக இருக்கும் நாளில் இது எதையும் காட்டாது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பரில், பிற்பகல் இடிமழை வரும் நேரத்தில் செய்யுங்கள்.

நான் இதை மூன்று முறை செய்து, தாள்களை மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். வார இரவுகளில் நீண்ட பயணத்துக்கு லைவ் வானிலை. சனிக்கிழமை பத்து மணிக்கு அக்கா மகன் வந்ததும் அதை அணைத்துவிட்டு மடிக்கணினியைத் திறக்கிறேன். வரும் வாரம் அவனுக்கு 21 ஓடுபாதையில் ஸ்குவாலின் முன்விளிம்பு: 1,500 அடியில் 210 டிகிரி 6 நாட்டில் தொடங்கி, 400 அடிக்கு வரும்போது 270 டிகிரி 16 நாட். தரையிறங்கச் சொல்லப்போவதில்லை. எந்தப் படியில் அவனாகவே இன்ஜினை முழுதாகத் தள்ளி மறுபடி மேலே ஏறுகிறான் என்று பார்க்க வேண்டும்.